நீர் இறங்கும் வேளையில் பிச்சாவரம்: சின்னவாய்க்கால் முகத்துவாரத்தை நிதானமாகப் பார்ப்பது எப்படி?

கடலூர் மாவட்டத்தின் தென்கோடியில், வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே, சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் கிழக்கே உப்புநீரில் வளரும் கண்டல் மரக்காட்டோடு பிச்சாவரம் உப்பங்கழி பரந்து கிடக்கிறது. அதன் கடலோரத்தில் நீளும் மணல்மேட்டை அறுத்துக்கொண்டு கழி கடலோடு சேரும் இடத்துக்குச் சின்னவாய்க்கால் முகத்துவாரம் என்று பெயர். பிச்சாவரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பதினொரு மணிக்குப் படகேறி, வேர்கள் வளைந்து கூரை போட்ட வாய்க்காலில் படம் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் கரையேறிவிடுகிறார்கள். அரை நாளை ஒதுக்கி, சேற்றையும் மணலையும் அங்கே வாழும் உயிர்களையும் பார்க்க விரும்புகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை அல்ல, திதியை. நான் முதல் முறை போனது அமாவாசைக்கு மறுநாள், அதுவும் நண்பகலில். குறுகலான வாய்க்கால் ஒன்றில் படகு தரைதட்டி நின்றது. படகோட்டி முழங்கால் சேற்றில் இறங்கித் தள்ளிக்கொண்டே, "சார், நீங்க பஸ் டயத்தப் பாத்து வந்தீங்க, தண்ணி டயத்தப் பாக்கல" என்றார். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றவற்றம் அதிகமாக இருக்கும். அட்டமியை ஒட்டிக் குறைந்துவிடும். ஒரு நாளில் நீர் இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த இறக்கத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். இந்தக் கடற்கரையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும் என்றாலும், தட்டையான சேற்று நிலத்தில் அந்த ஒரு மீட்டர் போதும், பெரும்பரப்பு வெளியே வந்துவிடும். சென்னைத் துறைமுகத்துக்கான ஓத (ஏற்றவற்ற நேர) அட்டவணையை வைத்துக்கொண்டு உத்தேசமாக நேரம் குறிக்கலாம். ஆனால் கழியின் உட்பகுதியில் நீர் தாமதித்தே ஏறும், தாமதித்தே இறங்கும். ஆகவே படகுத்துறையில் இருப்பவரிடம் முந்தைய நாளே கேட்டுவிடுவது நல்லது. நீர் இறங்கத் தொடங்கி இரண்டு, மூன்று மணி நேரம் கழித்துப் புறப்பட்டு, முழுதும் வற்றும்போது சேற்றுத் திட்டருகே இருந்து, ஏறும் நீரோடு திரும்பி வருவதே நான் கண்டவரையில் சரியான கணக்கு. முகத்துவாரம் வரை படகு போகுமா என்பது காற்றையும் மணல்மேட்டின் அன்றைய நிலையையும் பொறுத்தது என்பதால், அதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகே எடுங்கள். சத்தம் ஒரு காரணம். குறுகலான வாய்க்கால்களுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும் என்பது இன்னொன்று.

படகில் ஏறியதும் வேர்களைப் பாருங்கள். சுரபுன்னை என்ற கண்டல் மரத்தின் தாங்குவேர்களில் ஒரு மட்டம் வரைக்கும் ஆளி, கொட்டலசு என்ற ஓட்டுயிர்கள் அப்பிக்கொண்டிருக்கும். அவற்றை நீர் தொடர்ந்து நனைக்கும் உயரம் எது என்பதை அந்த மட்டமே சொல்லிவிடும். நீர்மட்டத்துக்கு மேலே வேரில் ஈரப் பட்டை தெரிந்தால் நீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. நீரைத் தொடும் இடம் வரை வேர் உலர்ந்திருந்தால் ஏறிக்கொண்டிருக்கிறது. இதைப் பழகிக்கொண்டபின் நான் அட்டவணையைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை.

காடு முழுவதும் சுரபுன்னை என்று நினைத்துவிடக் கூடாது. வாய்க்கால் ஓரத்தில் குறுகிய பட்டையாக மட்டுமே அது நிற்கிறது. அதற்குப் பின்னால் வெண்கண்டல் என்ற இன்னொரு மரம்தான் பெரும்பரப்பு. சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கி, பிறகு கீழே விழும். வெண்கண்டல் உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றுகிறது. மழையில்லாத நாளில் இலையை விரலால் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். அதன் அடியில் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நிமிர்ந்து நிற்பவை மூச்சுவேர்கள், அவற்றை மிதிக்கக் கூடாது. நிலப்பக்கம் வளரும் தில்லை மரத்தின் இலையை மட்டும் ஒருபோதும் கிள்ளாதீர்கள். அதன் பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரத்தைப் பார்க்க இன்று இந்தக் கழிக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

சில இடங்களில் வாய்க்கால் அம்பு விட்டாற்போல் நேராக ஓடுவதையும், இருபுறமும் மீன்முள் போலக் கிளை வாய்க்கால்கள் பிரிவதையும் காணலாம். அவை மனிதர் வெட்டியவை. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை இந்தக் காடு பகுதி பகுதியாக மொட்டையடிக்கப்பட்டது. நிழல் போன மண் வெயிலில் காய்ந்து அமிழ்ந்து தொட்டியாகியது. ஏற்றத்தில் புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, கண்டல் நாற்றுகூடத் தாங்காத அளவுக்கு உப்பு ஏறியது. மரம் வெட்டுவதை நிறுத்திய பிறகும் காடு தானாகத் திரும்பாததற்கு இதுவே காரணம். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் வாய்க்கால் வெட்டி நீரை மறுபடியும் போய்வர விட்டபின்தான் நடவு பிழைத்தது. 2022இல் பிச்சாவரம், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அந்த நேரான வாய்க்கால்களில் ஒன்றைக் காட்டச் சொல்லிப் படகோட்டியிடம் கேளுங்கள். வேர்க்கூரையைவிட எனக்கு அதுதான் அழகாகத் தெரிகிறது.

நீர் வற்றியதும் சேற்றுத் திட்டு ஒன்றின் அருகே படகை நிறுத்தச் சொல்லி, பத்து நிமிடம் கையைக்கூட அசைக்காமல் உட்காருங்கள். முதலில் வெறும் சேறுதான் தெரியும். சிறிது நேரத்தில் வளைகளிலிருந்து சுண்டுவிரல் நகம் அளவே உள்ள நண்டுகள் வெளிவரும். ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடலுக்கு ஒவ்வாத அளவு பெரியது. அதைத் தூக்கித் தூக்கி ஆட்டிப் பெண்ணை அழைக்கும், இன்னோர் ஆணை விரட்டும். ஆண் சாப்பிடுவதற்கு உதவுவது சிறிய கொடுக்கு ஒன்றுதான். பெண்ணோ இரு கைகளாலும் சேற்றை அள்ளி வாயில் வைத்து, சத்தை எடுத்துக்கொண்டு மீதியை உருண்டையாக உருட்டி வைத்துவிட்டு நகரும். தலைமேல் துருத்திய கண்களோடு சேற்றில் தத்தித் திரியும் மீனும் அங்கேயே இருக்கும். தோல் ஈரமாக இருக்கும்வரை அது தோல் வழியாகவும் மூச்சு விடுவதால் நீருக்கு வெளியே தாங்குகிறது. ஒருமுறை நான் இப்படி உட்கார்ந்திருக்கையில், பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, கழுத்தளவு நீரில் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்த இருளர் அம்மா ஒருவர், "நெழல் மேல விழுது தம்பி, அந்தாண்ட ஒக்காரு" என்றார். அதன்பின் சூரியன் எனக்கு எதிரே இருக்கும்படிதான் உட்காருகிறேன். நிழல் பின்னால் விழுகிறது, நண்டும் பயப்படுவதில்லை.

பறவைகளுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஈரச் சேற்றின் விளிம்பை ஒட்டியே ஓடும். நீர் ஏற ஏற அவை நெருங்கி ஒரே திட்டில் கூடும், எண்ணுவதற்கு அதுதான் வேளை. மீன்கொத்தி, வக்கா, நீர்க்காகம் ஆகியவை வாய்க்காலுக்குள்ளும், ஆலாக்கள் முகத்துவாரத்தின் மேலும் தென்படும். அக்டோபர், நவம்பர் மழையில் ஆற்று வெள்ளம் கழிக்குள் புகுந்து நீர் செம்பழுப்பாகிவிடும். அப்போது போவதால் பயன் குறைவு, ஆபத்து அதிகம்.

மணல்மேட்டில் இறங்க வாய்த்தால், அடப்பங்கொடி படர்ந்த இடத்தையும் இராவணன் மீசைப் புதர்களையும் சுற்றிக்கொண்டு ஈர மணலில் நடங்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை முதலில் மோதியது இத்தகைய கடலோரத் திட்டுகளில்தான். கண்டல் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. ஜனவரி முதல் மார்ச் வரை, டிராக்டர் சக்கரம் உருண்டது போன்ற தடம் கடலிலிருந்து மேலேறித் திரும்பியிருந்தால், இரவில் பங்குனி ஆமை வந்து போயிருக்கிறது. தடம் மேலே சென்று முடியும் இடத்தைத் தோண்டிப் பார்க்காதீர்கள். வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். ஆமையும் அதன் முட்டையும் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. இரவில் அங்கே தங்கும் எண்ணமும் வேண்டாம், கைவிளக்கின் ஒளி ஒன்றே போதும், மணலேறி வரும் ஆமை முட்டையிடாமல் திரும்பிவிடும்.

நண்பகலை நெருங்கும்போது கடற்காற்று எழுந்து வலுக்கும். அதற்குள் முகத்துவாரத்தைவிட்டு உள் வாய்க்காலுக்குள் வந்துவிடுங்கள். திறந்த கழியில் குறுக்குக் காற்றில் துடுப்புப் போடும் சிரமம் படகோட்டியுடையது. கரையேறியதும், நீர் திரும்பிய நேரத்தையும் அன்றைய திதியையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாளும் வருவதாக இருந்தால், அதே நீர்மட்டத்துக்குச் சுமார் 50 நிமிடம் தாமதமாகப் புறப்பட வேண்டும்.