ஒலிம்பிகோ யுனிவெர்சித்தாரியோவில் நண்பகல் ஆட்டம் பார்ப்பது எப்படி?

மெக்சிகோ நகரின் தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள இந்த மைதானத்தில் ஏறத்தாழ 72,000 பேர் அமரலாம். ஆனால் முதல் முறை செல்பவர் இருக்கை எண்ணிக்கையைவிட வெயிலைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணியான புமாஸ் இங்கே ஞாயிறு நண்பகல் 12 மணிக்கு ஆடுவது நெடுநாள் வழக்கம்.

முதலில் பதிவு. 2022 மார்ச்சில் கெரேத்தாரோ நகரில் ரசிகர்களிடையே நடந்த வன்முறைக்குப் பிறகு, மெக்சிகோவின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான லீகா எம்எக்ஸ், மைதானத்துக்கு வரும் ரசிகர்களை அடையாளம் காண 'ஃபேன் ஐடி' என்னும் பதிவு முறையைக் கொண்டுவந்தது. இதில் பெயரை நிரப்பும்போது கவனம் தேவை. மெக்சிகோவில் ஒருவருக்குத் தந்தைவழி, தாய்வழி என இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. நமக்கோ பெரும்பாலும் தந்தையின் பெயர் மட்டுமே. கடவுச்சீட்டில் உள்ளதை எழுத்து மாறாமல் நிரப்புங்கள்.

அடுத்து இருக்கை. நான் தவறியது இங்கேதான். நிழல் விழும் பக்கம் எது என்று வரைபடத்தில் நெடுநேரம் தேடினேன். மைதானத்தின் பெரும்பகுதிக்குக் கூரையே இல்லை. மேலும் 19 பாகை வட அட்சத்தில் இருப்பதால் மே நடுவிலும் ஜூலை இறுதியிலும், அதாவது ஒரு போட்டிப் பருவம் முடிந்து அடுத்தது தொடங்கும் வேளைகளில், சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கிறது. உச்சிக்கு வருவதும் 12.30-க்குச் சற்றுப் பின்னர், முதல் பாதி நடந்துகொண்டிருக்கும்போதுதான். ஆகவே நிழலுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அகன்ற விளிம்புத் தொப்பி வாங்குங்கள், சன்ஸ்கிரீனை உள்ளே நுழைவதற்கு முன்பே பூசிக்கொள்ளுங்கள். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலான உயரம் என்பதால் வெயில் கடுமையாகச் சுடும், படியேறும்போது மூச்சும் வாங்கும். இதே மெல்லிய காற்றில்தான் இங்கே நடந்த 1968 ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் பாப் பீமன் நீளந்தாண்டலில் 8.90 மீட்டர் தாண்டினார்.

ஒலிம்பிக் சுடர்க்கொப்பரை இருக்கும் பெபெத்தேரோ பகுதி தீவிர ரசிகர்களுடையது. ஆட்டம் முழுவதும் நின்றுகொண்டே பாட விருப்பமில்லை என்றால் வேறு பகுதியில் சீட்டு வாங்குவது நல்லது.

போக்குவரத்து. இன்சுர்ஹெந்தெஸ் சாலையில் ஓடும் மெட்ரோபஸ் முதல் தடத்தையே நான் பரிந்துரைக்கிறேன். சுரங்க ரயிலின் உனிவெர்சிதாத் நிலையம் பெயரைக் கேட்டால் அருகில் இருப்பதாகத் தோன்றும், ஆனால் அங்கிருந்து நடை அதிகம்.

நுழைவாயில். பெல்ட் அணிந்து செல்லாதீர்கள். அதன் கொக்கியை ஆயுதமாகப் பயன்படுத்தலாம் என்பதால் வாயிலிலேயே கழற்றச் சொல்வார்கள். சோதனை முடிந்ததும் உங்கள் இருக்கைப் பகுதிக்குச் செல்லும் சுரங்கவழியை, சீட்டில் உள்ள எண்ணைப் பார்த்துத் தேடுங்கள். எரிமலைக் கற்பாறை நிலத்தைக் குடைந்து, தோண்டிய மண்ணையே சுற்றிலும் கரையாக எழுப்பி 1952-இல் திறக்கப்பட்ட மைதானம் இது. எனவே தரைமட்டத்தில் நுழைந்ததும் ஆடுகளம் கிண்ணத்தின் அடியைப் போலக் கீழே தெரியும். தவறான சுரங்கவழியில் நுழைந்தால் கூட்டத்தை எதிர்த்து வெளியே வந்து சுற்ற நேரும்.

பின்சேர்க்கை: மெக்சிகோ ஓவியர் தியேகோ ரிவேராவின் கல் புடைப்புச் சிற்பத்தை எங்கே பார்க்கலாம் என்று சிலர் கேட்டிருந்தார்கள். அது மைதானத்துக்கு வெளியே, இன்சுர்ஹெந்தெஸைப் பார்த்த கிழக்கு முகப்பில் இருக்கிறது. காலை வெயில் அதன் மீது நேராக விழும். பதினொரு மணிக்கு முன்பே வந்துவிட்டால் நிதானமாகப் பார்த்துவிட்டு உள்ளே போகலாம்.