“கொழுப்பு மாத்திரைதான் சிஸ்டர்”: பிராங்கோஸ்கோபிக்கு முன் நடக்கும் தவறுகள்

பாளையங்கோட்டையில் பிராங்கோஸ்கோபி (மூச்சுக்குழாய்க்குள் கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்ப்பது) அறைக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. புதிதாகச் சேரும் நர்ஸ் பிள்ளைகள் என் பழைய தவறுகளையே செய்யும்போது கோபம் அவர்கள் மீதா, என் மீதா என்று எனக்கே தெரிவதில்லை. கையெழுத்து வாங்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

மாத்திரைப் பையைப் பார்க்காமல் கேள்வி கேட்பது

“இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா?” என்றால் “இல்லை” என்பார்கள். பொய் இல்லை. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் மூன்றும் ஒரே கேப்சூலில் வருகின்றன. அவர்களுக்கு அது ‘கொழுப்பு மாத்திரை’.

அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி ஆலை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர். இல்லை என்றார், இல்லை என்று எழுதினேன். பயாப்ஸிக்கு, அதாவது பரிசோதனைக்கு அனுப்ப, உள்ளே துளிச் சதையைக் கிள்ளியதும் திரை முழுக்கச் சிவப்பு. இரத்தத்தை நிறுத்த ஐஸ் சலைன், அட்ரினலின். நல்ல நுரையீரலுக்குள் இரத்தம் இறங்காமல் கசியும் பக்கமாகவே சாய்த்துப் படுக்கவைத்தோம். ஒருவழியாக நின்றது. இரண்டு நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். அவர் மனைவி மஞ்சப்பையைக் கவிழ்த்தபோது கத்தரித்த அட்டை ஒன்று விழுந்தது. மிச்சமிருந்த எழுத்து: ‘...டோக்ரல்’.

இப்போது நான் கேட்பதில்லை, பையைக் கொட்டச் சொல்கிறேன். பயாப்ஸி என்றால் குளோபிடோக்ரலை 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்த வேண்டும். ஆஸ்பிரின் பெரும்பாலும் தொடரலாம். ஆனால் நிறுத்தச் சொல்வது நம் வேலையே இல்லை. இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்துவைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தவர் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். போன வாரம் ஒரு பிள்ளை போனிலேயே “நிறுத்திவிடுங்கள்” என்றாள். போனைப் பிடுங்கிவிட்டேன்.

வெறும் வயிறு

நம் ஊரில் காப்பி சாப்பாட்டுக் கணக்கில் வராது, நீராகாரமும் வராது. “எழுந்ததிலிருந்து வாய்க்குள் என்ன போனது?” என்று கேளுங்கள். உணவு 6 மணி நேரம், தண்ணீர் 2 மணி நேரம் முன்பே நிற்க வேண்டும்.

பல்செட்

கழற்றுங்கள்.

முடிந்ததும் காப்பி

மருமகன் ஃபிளாஸ்கோடு நிற்பார். தொண்டை மரத்திருக்கிறது, புரையேறினால் இருமல்கூட வராது, காப்பி நேராக நுரையீரலுக்குப் போகும். 2 மணி நேரம் கழித்து முதலில் ஒரு மிடறு தண்ணீர்.

வீட்டுக்கு அனுப்பும்போது

சளியில் இரத்தக் கீற்றும் இரவில் இலேசான காய்ச்சலும் வரலாம் என்று சொல்லி அனுப்புங்கள். திடீர் நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் வேறு கதை. நுரையீரலிலிருந்து காற்று கசிந்திருக்கலாம். அதைச் சொல்லாமல் அனுப்பிய ஒருவர் இரவு பதினொரு மணிக்குத் தென்காசியிலிருந்து கூப்பிட்டு, “கடைசி பஸ் போய்விட்டது, காலையில் வரட்டுமா சிஸ்டர்?” என்றார். 108ஐக் கூப்பிடச் சொன்னேன்.