நாள்பட்ட நோயில வர்ற அசதி: டாக்டர்கிட்ட எப்படி சொல்றது, வீட்ல எப்படி சமாளிக்கிறது

மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்த சுத்தி வளர்ந்த ஊர்ல சக்கர, கிட்னி, மூட்டுவாதம்னு வருஷக்கணக்கா மருந்து சாப்புடுறவங்க நெறைய. வீட்ல பூரா அசதிய பத்திதான் பேசுவாங்க, ஆனா அரசாங்க கிளினிக்ல உள்ள போனதும் பிரஷர் பாத்து மருந்த வாங்கிட்டு திரும்பிடுவாங்க. விடியறதுக்கு முன்னாடியே பெரட்டுக்கு (தோட்டத்துல காலையில பேர் கூப்புடுற எடத்துக்கு) போய் பழகுன ஆளுங்க, முடியலன்னு சொன்னா சோம்பேறின்னு நெனச்சிடுவாங்களோன்னு ஒரு கூச்சம். தயவுசெஞ்சு வாய தொறந்து சொல்லுங்க, அசதிய அளக்க தனியா ஒரு பிளட் டெஸ்ட் கிடையாது.

அப்பாயிண்ட்மென்ட்டுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஒரு நோட்ல எழுதுங்க. தூங்கி எழும்போதே அசதியா, இல்ல வேலை செஞ்சப்பறம் வருதா, ராத்திரி எத்தன தடவ ஒண்ணுக்கு எழுந்தீங்க, கண்ண சொக்குதா, கை கால் தூக்க முடியலையா, மூச்சு வாங்குதா. இதுக்கெல்லாம் காரணம் வேற வேற. "அசதியா இருக்கு"ன்னு மட்டும் சொல்லாதீங்க, "போன வருஷம் மார்க்கெட்டுக்கு நடந்தே போவேன், இப்ப பாதி வழியில உக்காந்துடுறேன்"னு சொன்னா டாக்டருக்கு உடனே புரியும். மலாய்ல சொல்ல வரலன்னா பிள்ளைங்கள எழுதித்தர சொல்லுங்க.

"சக்கர இருந்தா அப்படித்தான்"னு யாராவது சொன்னா அதோட விட்டுடாதீங்க, ஒரே ஆளுக்கு ரெண்டு மூணு காரணம் சேந்து இருக்கலாம். சக்கரைக்கு குடுக்குற மெட்ஃபார்மின் மாத்திரைய பல வருஷமா சாப்பிட்டா வைட்டமின் பி12 குறையலாம். கிட்னி பழுதானா ரத்தம் ஊற சொல்ற எரித்ரோபொய்ட்டின் ஹார்மோன் குறைஞ்சு ரத்தசோகை வரும் (ஹீமோகுளோபின் பொம்பளைங்களுக்கு 12க்கும் ஆம்பளைங்களுக்கு 13க்கும் கீழ போனா ரத்தசோகைன்னு கணக்கு), அதுக்கு இரும்புச்சத்தும் ஊசியும் இருக்கு. தைராய்டும் பாக்க சொல்லுங்க. அட்டெனலோல், பிசோப்ரோலோல் மாதிரி பிரஷர், நெஞ்சு மாத்திரையும் அசதி குடுக்கும், ஆனா நீங்களா நிறுத்தக்கூடாது, திடீர்னு நிறுத்துனா நெஞ்சுக்கு ஆபத்து. பலமா கொறட்ட விட்டு நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதுன்னா அத வீட்டுக்காரங்கதான் சொல்லணும், தூங்குறவங்களுக்கு தெரியாது. மனசு சோர்ந்து எதுலயும் ஆசையில்லாம இருந்தா அதையும் சொல்லுங்க, அதுவும் வைத்தியம் உள்ள நோய்தான்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கருப்பா மலம், ஒரு பக்க கை கால் விழுந்துடுறது, இதுக்கெல்லாம் நோட்டு எழுதிட்டு இருக்காதீங்க, 999 கூப்புடுங்க.

வீட்ல முக்கியமா ஒண்ணு. உடம்பு நல்லா இருக்குற நாள்ல துணி, வீடு, கோயில் வேலைன்னு எல்லாத்தையும் முடிச்சுட்டு அப்புறம் மூணு நாள் படுத்துக் கெடக்குறத நிறுத்துங்க. வேலைய துண்டு துண்டா பிரிங்க, அசதி வர்றதுக்கு முன்னாடியே உக்காருங்க, காய் நறுக்குறத உக்காந்தே செய்யுங்க, வெளிவேலை வெயில் ஏறுறதுக்குள்ள. டயாலிசிஸ் நாள்ல மெஷின்ல நாலு மணி நேரம் இருந்துட்டு வர்றவங்கள சாயங்காலம் விருந்துக்கு கூப்பிடாதீங்க, பாவம். சக்கர, மூட்டுவாதம் உள்ளவங்களுக்கு கொஞ்சம் கொஞ்சமா நடந்தா அசதி குறையும். ஆனா சின்ன வேலை செஞ்சாலே மறுநாளோ அதுக்கு மறுநாளோ ஒரேயடியா விழுந்துடுறவங்களுக்கு எம்இ எனப்படுற நோய் (நாள்பட்ட அசதி நோய்னும் சொல்வாங்க) இருக்கலாம், அவங்கள வம்படியா நடக்க வைக்காதீங்க. பிரிட்டன்ல வைத்தியத்துக்கு வழிகாட்டி போடுற நைஸ் அமைப்பு 2021ல விட்ட வழிகாட்டியே எம்இக்கு படிப்படியா கூட்டுற உடற்பயிற்சி சிகிச்ச வேண்டாம்னு சொல்லிடுச்சு.

ரத்தசோகை உள்ளவங்க சோத்தோட தே (டீ) குடிக்காம ஒரு மணி நேரம் தள்ளி குடிங்க, தே இரும்புச்சத்த ஒடம்புல சேர விடாது.

கடைசியா பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தையில) விக்கிற ஜாமு (மூலிகை மருந்து), டானிக். ரெண்டே நாள்ல அசதி போய் வலியும் போச்சுன்னா சந்தேகப்படுங்க, டெக்சாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்ட கலந்து வித்தது மலேசியாவுல பல தடவ பிடிபட்டிருக்கு, அது சக்கரைய ஏத்தும், எலும்ப அரிக்கும். பாக்கெட்ல எம்ஏஎல்னு (MAL) ஆரம்பிக்கிற அரசாங்க பதிவு நம்பரும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இல்லன்னா வாங்காதீங்க. ஏற்கனவே மாசக்கணக்கா சாப்புடுறவங்க பயந்து சட்டுன்னு நிறுத்தவும் வேண்டாம், அதுவும் ஆபத்து, பாக்கெட்டோட நேரா டாக்டர்கிட்ட போங்க, திட்டுவாங்களோன்னு மறைக்காதீங்க.