ஓட்ஸ் வாங்குறப்ப இதையும் பாருங்க

கனடாவுல ஓட்ஸ், கோதுமை அறுவடைக்கு ஒன்னு ரெண்டு வாரம் முன்னாடி, மணில ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு கீழ இறங்குனதும் கிளைபோசேட் களைக்கொல்லி அடிக்கிறது உண்டு, களையும் சாகும் பயிரும் சீரா காயும்னு. கடைசி நேரத்துல அடிக்கிறதாலதான் தானியத்துல மிச்சம் தங்குது. இது செடிக்குள்ளயே போற மருந்து, அதனால கழுவுனா போயிடும்னு நம்பாதீங்க, தவிட்டுலதான் அதிகம் நிக்கும். 2015ல உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இத புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளதுன்னு வகைப்படுத்துச்சு, அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் அப்படி இல்லங்குது. பயந்து ஓட்ஸையே விட்ராதீங்க, நார்ச்சத்து அவ்ளோ நல்லது. ஆனா தினமும் சாப்பிடுற வீடு, சின்ன பிள்ளைங்க வேற இருக்காங்கன்னா ஆர்கானிக் சான்று உள்ள பாக்கெட்டா வாங்குங்க, அந்த பயிருக்கு இந்த மருந்து அடிக்க அனுமதியே கிடையாது. தனியா ஓட்ஸ் தவிடு வாங்குறவங்க இதுல கூடுதல் கவனமா இருங்க.