வார்டு திரையில் காலியாக வந்த ஆய்வக முடிவு: என் அனுபவம்

மாரடைப்பைக் கண்டறிய உதவும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையின் முடிவு ஆய்வகத்தில் ஒழுங்காக அச்சாகிறது, வார்டு திரையில் மட்டும் அந்தக் கட்டம் காலி. அதுவும் சில நோயாளிகளுக்குத்தான். காலிக் கட்டத்தைப் பார்ப்பவர் 'இன்னும் ரிசல்ட் வரவில்லை' என்றுதான் நினைப்பார்.

முதலில் நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டோம். லாகில் ஒவ்வொரு எச்எல்7 (மருத்துவ மென்பொருள்கள் தகவல் பரிமாறும் பொது வடிவம்) செய்திக்கும் 'ஏஏ', அதாவது ஏற்றுக்கொண்டேன் என்ற பதில் இருந்தது. அப்புறம் டேட்டாபேஸ், பிரவுசர் கேஷ் என்று அலைந்து நாட்கள் வீணானதுதான் மிச்சம்.

காலியாக வந்தவற்றை மட்டும் ஆய்வகத் தாளோடு ஒப்பிட்டபோதுதான் பிடிபட்டது. எல்லாமே '<0.01' போன்றவை, கருவி அளக்கக்கூடிய எல்லைக்கும் கீழே. ஆனால் செய்தியில் மதிப்பின் வகையைச் சொல்லும் ஓபிஎக்ஸ்-2 புலம் 'என்எம்' என்றிருந்தது. என்எம் என்றால் வெறும் எண், அதில் '<' வரக்கூடாது. வாங்கும் மென்பொருள் அதை எண்ணாக மாற்றப் பார்த்து, முடியாமல் மதிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, கமுக்கமாக ஏஏ அனுப்பியிருக்கிறது. லாக் சுத்தமாக இருந்த ரகசியம் இதுதான்!

அனுப்பும் பக்கத்தில் இத்தகைய முடிவுகளுக்கு வகையை 'எஸ்என்' (குறியோடும் வரக்கூடிய எண்) என்றும் மதிப்பை '<^0.01' என்றும் மாற்றினோம். வாங்கும் பக்கத்துக்கு எஸ்என் ஏற்கெனவே புரியும் என்பதால் திரை உடனே சரியானது. அப்பாடா!

அதோடு விடவில்லை. மதிப்பைப் படிக்க முடியாவிட்டால் இனி 'ஏஇ' என்ற பிழைப் பதில் போகும், ஆய்வகத் திரையில் எச்சரிக்கை வரும். பழைய சோதனைத் தரவில் இயல்பான எண்கள் மட்டுமே இருந்தன; இப்போது '>500', '1:128' மாதிரியானவையும் சேர்ந்திருக்கின்றன.