பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்றின் வரலாற்றைத் தேடி எழுதுவது எப்படி?

உங்கள் ஊரின் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம் இன்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையாகவோ, பாலர் பாடசாலையாகவோ, பூட்டிக் கிடக்கும் களஞ்சியமாகவோ இருக்கலாம். அதன் வரலாற்றை எழுத முற்படுவோர் பலர் திறப்புவிழாக் கல்லில் உள்ள ஆண்டைக் குறித்துக்கொண்டு அதோடு நின்றுவிடுகின்றனர். அந்தக் கல்லை நான் அவ்வளவாக நம்புவதில்லை; பின்னாளில் கட்டிய ஒரு வாட்டைத் திறந்துவைத்த பிரமுகரின் பெயரே பல இடங்களில் அதில் இருக்கும். முதலில் கேட்க வேண்டியது, கட்டடம் எந்தக் காலத்தில் எந்த அலுவலகத்தின் பொறுப்பில் இருந்தது என்பதாகும். பொறுப்பு கைமாறும்போது பயன்பாடும் பெரும்பாலும் மாறுகிறது, கோப்பும் வேறிடத்துக்குப் போய்விடுகிறது.

இலங்கையின் கிழக்கிலுள்ள எங்கள் பகுதியில் இந்தக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. அம்பாறை 1961 இல்தான் தனி மாவட்டமாகியது என்பதால், கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் ஆகிய ஊர்களைப் பற்றிய அதற்கு முந்திய பதிவுகளை மட்டக்களப்புக் கச்சேரியின் (மாவட்ட நிர்வாக அலுவலகத்தின்) ஆவணங்களில் தேட வேண்டும். அம்பாறை நகரத்திலோ கல்லோயாக் குடியேற்றங்களிலோ உள்ள கட்டடமாயின், 1949 இல் அமைக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபையின் பெயரையும் தேடலில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாகாண சபைகளை உருவாக்கிய, அரசியலமைப்பின் 1987 இன் பதின்மூன்றாவது திருத்தத்தின் பின் பெரும்பாலான சிறிய ஆஸ்பத்திரிகள் மாகாண சபையின் கீழ் வந்தன. 2006 வரை அது இணைந்த வடக்கு கிழக்கு மாகாணம், 2007 முதல் தனிக் கிழக்கு மாகாணம். அத்துடன், கல்முனைக்குத் தனியாகப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனை இருப்பதால், சம்மாந்துறை அல்லது நிந்தவூர் ஆஸ்பத்திரி பற்றி அம்பாறை நகரத்தில் விசாரிப்பது வீண் அலைச்சலாகும்.

ஆவணங்களைத் தேடும் முன் கட்டடத்தை ஒரு முறை ஆறுதலாகச் சுற்றிப் பாருங்கள். நீண்ட விறாந்தை, எதிரெதிராக அமைந்த உயரமான ஜன்னல்கள், வெளிச்சுவரில் இடுப்புயரத்தில் அடைக்கப்பட்ட ஒரு சிறு திறப்பு (மருந்து கொடுத்த இடமாக இருக்கலாம்), வளவின் பின்மூலையில் தனி வாசலோடு நிற்கும் சிற்றறை (பெரும்பாலும் பிரேத அறை) ஆகியவை பழைய பயன்பாட்டை ஓரளவு காட்டிவிடும். கழன்று விழுந்த ஓடு ஒன்று கிடைத்தால் அதைப் புரட்டிப் பாருங்கள். இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து வந்த ஓடுகளில் செய்த கம்பனியின் பெயர் அச்சாகியிருக்கும். ஆனால் அந்த ஓடு கூரையின் வயதைச் சொல்லுமே தவிரச் சுவரின் வயதைச் சொல்லாது. 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தில் எண்ணற்ற கூரைகளைப் பிய்த்தெறிந்ததால், அதற்குப் பின் ஓடு மாற்றிய கட்டடங்களும், ஓட்டுக்குப் பதில் சீற் போட்ட கட்டடங்களும் ஏராளம். சுவரில் சுண்ணாம்புச் சாந்து எங்கே முடிந்து சீமெந்து எங்கே தொடங்குகிறது என்பதையும் படமெடுத்து வையுங்கள்.

பிரித்தானியர் காலத்துக்குக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகமே முதன்மையான இடம். இலங்கையின் சிவில் மருத்துவத் திணைக்களம் 1858 இல் தோன்றியது. அதன் ஆண்டறிக்கைகளையும், அரசாங்க அதிபர்களின் நிர்வாக அறிக்கைகளையும் பொறுமையோடு புரட்ட வேண்டும். பிற்காலத்துக்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். "இக்கட்டடத்தின் வரலாற்றைத் தருக" என்று எழுதினால் பயனில்லை. காணி கையளிப்புக் கடிதத்தின் பிரதி, நில அளவைப் படம், சொத்துப் பதிவேட்டின் குறித்த பக்கம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். தருவதா மறுப்பதா என்ற முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

பலரும் மறந்துவிடும் ஒரு சான்று வீட்டு அலுமாரிகளிலேயே இருக்கிறது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பிறந்த இடம் பதியப்படுவதால், ஊரிலுள்ள பழைய பத்திரங்கள் சிலவற்றைப் பார்த்தாலே, எந்த ஆண்டு வரை அங்கே பிரசவ வாட்டு இயங்கியது என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். பெயர்களை விட்டுவிட்டு ஆண்டையும் இடத்தையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதியவர்களிடம் ஆண்டைக் கேட்காதீர்கள். 1957 வெள்ளத்துக்கு முன்னா பின்னா, சூறாவளிக்கு முன்னா பின்னா, சுனாமிக்கு முன்னா பின்னா என்று கேட்டால் பதில் தெளிவாக வரும். பழைய மருத்துவிச்சிகளும் சிற்றூழியர்களும் அறிந்த அளவுக்குக் கட்டடத்தின் உட்புறத்தை வேறு எவரும் அறிந்திருக்க மாட்டார்கள். போர்க்காலத்தில் கட்டடம் முகாமாகவோ இடம்பெயர்ந்தோரின் தங்குமிடமாகவோ இருந்திருந்தால், சொல்பவரின் சம்மதமின்றி ஒலிப்பதிவு செய்ய வேண்டாம்.

பயன்பாடு மாறியதற்கான காரணத்தைத் தேடும்போது போரையும் கடலையும் மட்டும் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவில் தொழுநோயாளருக்கென ஆஸ்பத்திரி அமைத்ததே அவர்களை ஊரிலிருந்து பிரித்து வைப்பதற்காகத்தான். 1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்த பின் அப்படிப் பிரித்து வைக்கும் தேவையே அற்றுப்போனது. மருத்துவம் முன்னேறியதாலேயே வெறுமையான கட்டடங்களும் உண்டு. வேறு சில இடங்களில், தரமுயர்ந்த ஆஸ்பத்திரி பெரிய வளவுக்குப் போக, பழைய கட்டடம் பின்தங்கிவிடும். மாவட்ட வைத்தியசாலை, கிராமிய வைத்தியசாலை என்று முன்பு பதியப்பட்டவை பின்னர் பிரதேச வைத்தியசாலை என்று பெயர் மாறியிருப்பதால், ஒரே நிறுவனத்தை இரண்டென்று எழுதிவிடாமல் கவனியுங்கள்.

எழுதும்போது ஒவ்வொரு காலப்பகுதிக்கும் பொறுப்பான அலுவலகம், பயன்பாடு, சான்று ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். சான்று கிடைக்காத ஆண்டுகளை வெற்றிடமாகவே விடுங்கள். முடிந்த பிரதி ஒன்றை ஊரின் பொது நூலகத்திலும் மற்றொன்றைப் பிரதேச செயலகத்தின் கலாசாரப் பிரிவிலும் கையளித்தால், விடுபட்ட ஆண்டுக்குரிய கடிதமோ புகைப்படமோ வைத்திருப்பவர் அதைக் கொண்டுவந்து சேர்க்க வழியிருக்கும்.