சஃபாரியில் பறவைக் கணக்கெடுப்பு: புறாவை விட்டுவிடாதீர்கள்

போன முறை தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவுக்குப் போனபோது, முதன்முதலாகப் பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் எங்கள் வண்டியில் இருந்தார்கள். நல்ல கண், நல்ல காது, அலுக்காத ஆர்வம். ஆனால் என் முதல் பயணத்தில் நான் செய்த தவறுகளை ஒன்றுவிடாமல் அவர்களும் செய்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். பைனாகுலரை மறப்பது, பளிச்சென்ற சட்டை போடுவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. ஒரு நாள் பட்டால் தானே சரியாகிவிடும்.

"இது எங்கேயும் இருக்கிறதுதானே" என்று விட்டுவிடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரவழைப்பது இதுதான்.

முதலில் இந்தக் கணக்கெடுப்பு நடக்கும் விதம். தென்னாப்பிரிக்காவில் 2007 முதல் சாபாப்2 என்ற பறவை வரைபடத் திட்டம் நடக்கிறது. நிலத்தை பென்டாட் என்ற கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கட்டம் ஏறத்தாழ 9 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர். அதற்குள் குறைந்தது 2 மணி நேரம் முனைந்து தேடி, பார்த்த, கேட்ட எல்லா இனங்களையும் முதலில் பதிவான வரிசையிலேயே எழுதினால் அது முழுப் பட்டியல். அதே பட்டியலை 5 நாள் வரை தொடரலாம்.

இந்தப் பட்டியல்களிலிருந்து பதிவு விகிதம் கணக்கிடுகிறார்கள். ஒரு கட்டத்துக்கு 10 முழுப் பட்டியல்கள் வந்து, அதில் 9-ல் தவிட்டுப்புறா இருந்தால் விகிதம் 90 சதவீதம். சில வருடம் கழித்து அது 60-க்கு இறங்கினால், ஏதோ நடக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆக, நீங்கள் எழுதாத பறவையும் ஒரு தகவல். "தேடினேன், இல்லை" என்று நீங்கள் சொன்னதாகவே அது எடுத்துக்கொள்ளப்படும்.

என் முதல் பயணத்தில் சடாரா முகாமைச் சுற்றி நான்கு நாள் அலைந்தேன். பனங்காடை, செக்ரட்டரி பறவை, கழுகுகள் என்று அழகான பட்டியல்கள். புறா, கரிச்சான், கினிக்கோழி எதையும் எழுதவில்லை. அவற்றை எழுதி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். எல்லாவற்றையும் முழுப் பட்டியல் என்று குறித்து அனுப்பினேன். சரிபார்ப்பவரிடமிருந்து ஒரே கேள்வி வந்தது: "இரண்டரை மணி நேரம் சுற்றியும் ஒரு புறாகூடக் கண்ணில் படவில்லையா?" எந்தக் கட்டத்தில் எதை விட்டேன் என்று நினைவிலிருந்து நிரப்ப முடியவில்லை. நிரப்பினால் அது பொய்க்கணக்கு. நான்கு பட்டியல்களையும் முழுமையற்றவை என்று மாற்றச் சொன்னேன். நான்கு நாள் உழைப்பு பதிவு விகிதத்துக்கு உதவாமல் போனது.

போன முறை வந்த அந்த இளைஞர்களில் ஒருவர், "கரிச்சான்தானே அண்ணா, அதையும் எழுதணுமா?" என்று கேட்டார். எழுதணும். வெண்முதுகுப் பாறுதான் ஆப்பிரிக்காவில் ஒரு காலத்தில் மிகப் பரவலாகக் காணப்பட்ட பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு. யாரும் அதற்காக வண்டியை நிறுத்த மாட்டார்கள். 2015-ல் அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலுக்குப் போய்விட்டது. சாதாரணப் பறவை குறைகிறது என்று தெரியவேண்டுமானால், அது சாதாரணமாக இருந்தபோதே யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் போடுகிறவர்களுக்கும் இதே விதிதான். அடையாளம் கண்ட எல்லாவற்றையும் பதிவு செய்தீர்களா என்ற கேள்விக்கு, விட்டது ஒன்று இருந்தாலும் "இல்லை" என்று சொல்லுங்கள். முழுமையற்ற பட்டியல் தவறில்லை. முழுமை என்று பெயர் போட்ட அரைகுறைப் பட்டியல்தான் கெடுதல்.

ராத்திரி முகாமில் உட்கார்ந்து பதிவது

பறவைகளைப் பதியப் பயன்படுத்தும் பேர்ட்லாசர் செயலி, நீங்கள் பதியும் நேரத்தில் நிற்கும் இடத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். காலையில் 30 கிலோமீட்டர் தள்ளிப் பார்த்த பாறு, முகாமின் கட்டத்தில் போய் விழும். பார்த்தவுடன் பதியுங்கள், சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும்.

கேமரா கடிகாரம்

இறங்கிய அன்றே உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள்.

பதிவு செய்த குரலைப் போட்டு அழைப்பது

கூடாது.

கூடு இருக்கும் இடத்தைப் பகிர்வது

பாறுகள் வட்டமிட்டால், அங்கே ஒரு பிணம் கிடக்கிறது என்று வனக்காவலர்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் யானையைக் கொன்ற வேட்டைக்காரர்கள் பிணத்தில் விஷம் வைக்கிறார்கள். 2019-ல் போட்ஸ்வானாவில் ஒரே சம்பவத்தில் 537 பாறுகள் செத்தன. இந்த நிலைமையில் பாறின் கூட்டைப் படம் பிடித்து, இடத்தோடு வாட்ஸப் குழுவில் போடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கணக்கெடுப்புத் திட்டத்துக்கு மட்டும் சொல்லுங்கள். ஈபேர்டில் ஆபத்தில் இருக்கும் பல இனங்களின் துல்லியமான இடம் பொதுப்பார்வைக்கு மறைக்கப்படும். வாட்ஸப்பில் எதுவும் மறையாது.

ஓட்டுநரிடம் சொல்லாமல் இருப்பது

வண்டியில் மற்றவர்கள் சிங்கம் பார்க்க வந்திருப்பார்கள். கிளம்பும் முன்பே ஓட்டுநரிடம் நீங்கள் செய்யும் வேலையைச் சொல்லிவிடுங்கள். குரல் கேட்டே பறவையைச் சொல்லும் வழிகாட்டிகள் நிறைய பேர் இருக்கிறார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். சிங்கத்துக்காக வண்டி நாற்பது நிமிடம் நின்றால், அந்த நேரம் முழுக்க உங்களுடையது. அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் குரூகரில் வண்டியை விட்டு இறங்கக்கூடாது, எந்தப் பறவைக்காகவும்.

இரண்டு மணி நேரத்தையும் வண்டியிலேயே தேடவேண்டியதில்லை. முகாமும் கட்டத்துக்குள்தான் இருக்கிறது. விடியலில் வேலியோரமாக நடந்தால் ஒரு மணி நேரம் அங்கேயே கிடைத்துவிடும். லோயர் சாபி முகாமில் தங்கினால், பக்கத்திலேயே சன்செட் டாம் என்ற நீர்த்தேக்கம். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மிச்ச நேரத்தை அங்கே போடலாம். புறாவிலிருந்து ஆரம்பியுங்கள்.